கவனம் சிதறும் பிள்ளைகளும் மூளை வளர்ச்சியும்

(அறக்கட்டளையின் பெற்றோர் நாள் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்லேன். முப்பத்தாறு ஆண்டுகள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பித்தவள். மூளையைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் செயலாளர் என்னிடம், "மருத்துவர்கள் வந்து பேசிவிட்டார்கள் அம்மா, நீங்கள் தவறு செய்த கதையைச் சொல்லுங்கள்" என்றார். அதற்கு எனக்குத் தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

1986ஆம் ஆண்டு தொடக்கநிலை மூன்றில் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். உட்கார மாட்டான். உட்கார்ந்தாலும் ஒரு கால் நாற்காலியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும். சொல்வதெழுதுதல் வைத்தால் மூன்றாவது சொல்லோடு நின்றுவிடுவான். பென்சிலைச் சீவப் போவான், சன்னலோரம் நிற்பான், பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானை எடுப்பான். ஆனால் நான் கதை சொல்லும்போது மேசைக்கு அடியில் கிடந்தவன், மறுநாள் அந்தக் கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். அதைக் கேட்டபோது எனக்கு வியப்பு வரவில்லை, கோபந்தான் வந்தது. "இவ்வளவு அறிவு இருக்கிறது, வேண்டுமென்றேதான் படிக்காமல் இருக்கிறான்" என்று முடிவு கட்டினேன். வகுப்பின் பின்னால் நிற்க வைத்தேன். அவன் தாயாரை அழைத்துச் சொன்னேன். அந்த அம்மா என் கண்முன்னாலேயே அவன் கையைக் கிள்ளினார். நான் தடுக்கவில்லை. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ஆண்டு இறுதியில் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு வரி எழுதுவது என் வழக்கம். அவனுக்கு மூன்று ஆண்டுகள் நான்தான் தமிழாசிரியை. மூன்று ஆண்டும் எழுதியது ஒரே வரி: "அறிவு உண்டு, கவனம் இல்லை, முயற்சி போதாது."

இந்த வரியில் முதலிரண்டும் சரி. மூன்றாவது தவறு. அது ஏன் தவறு என்று எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. விளங்க வைத்தவள் என் பேத்தி.

அவள் அந்தப் பையனைப் போலச் சேட்டைக்காரி அல்லள். அமைதியானவள். ஆகவே யாருக்கும் ஐயம் எழவில்லை. தண்ணீர்ப் புட்டி, குடை, நூலகப் புத்தகம் என்று வாரம் ஒன்றைத் தொலைத்து வருவாள். ஒரு பக்க வீட்டுப்பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒருநாள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "பாட்டி, என் தலைக்குள்ளே நாலு ரேடியோ ஒரே நேரத்தில் பாடுது, எதையும் அடைக்க முடியல." அவளுடைய வகுப்பாசிரியை என்னைவிடக் கெட்டிக்காரி. மருத்துவமனையில் காட்டச் சொல்லிப் பள்ளி வழியாகவே கடிதம் தந்தார். மகனும் மருமகளும் அழைத்துச் சென்றனர். பல முறை பார்த்து, கேள்வித்தாள்களை வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பச் சொல்லி, கடைசியில் மருத்துவர் சொன்னது, கவனக் குறைபாடு. ஏ.டி.எச்.டி. என்று இங்கே எல்லாரும் சொல்வதில் துறுதுறுப்பு இல்லாத வகை. பெண் பிள்ளைகளிடம் இது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது.

மருந்து தரலாம் என்றார் மருத்துவர். வீட்டில் மறுத்தது யார்? நான்தான். "எட்டு வயதுப் பிள்ளையின் மூளைக்கு மாத்திரையா?" என்று கேட்டேன். வல்லாரைத் துவையல் அரைத்தேன். ஞாபக சக்தி லேகியம் ஒன்றை வாங்கி வந்தேன். மூத்தவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மருமகள் காத்திருந்தார். ஒன்றரை ஆண்டு வீணாயிற்று. அந்த ஒன்றரை ஆண்டில் அந்தக் குழந்தை தன்னை "மக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் புரிந்தவற்றை உங்களிடம் சொல்கிறேன்.

இது புதிய நோய், கைப்பேசி கொண்டுவந்த நோய் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியன்று. 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் அரச மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகளில், தாம் பார்த்த 43 பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இப்படித் தன்னை அடக்க முடியாத நிலை இருக்கிறது என்றார். அவர் அதற்கு ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் அவரும் என்னைப் போலத்தான்.

மருந்து கண்டுபிடிக்கப்பட்டது தற்செயலாக. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான இல்லமொன்றில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் இருந்தார். மூளையைப் படமெடுக்க அக்காலத்தில் முதுகுத்தண்டு நீரை எடுப்பார்கள். பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். அதற்கு ஓர் ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகவில்லை. ஆனால் ஆசிரியர்கள் வந்து, பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் உட்காருகிறார்கள் என்றார்கள். 1937இல் 30 பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் 14 பேரின் பள்ளி வேலை வியக்கத்தக்க வகையில் மாறியது. பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்களாம். கவனித்தீர்களா, அங்கும் முதலில் கண்டவர்கள் ஆசிரியர்கள்!

இன்று பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை 1944இல் சுவிட்சர்லாந்தில் பனிசோன் என்ற வேதியியலர் உருவாக்கினார். அவர் மனைவி ரீட்டா டென்னிஸ் ஆடப் போகுமுன் அதை உட்கொள்வாராம். அவர் பெயரால்தான் ரிட்டலின் என்ற பெயர் வந்தது.

துள்ளுகிற பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்பது நியாயமான கேள்வி. நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். மூளையின் முன்பகுதிக்குப் பல வேலைகள். அவற்றுள் ஒன்று, "இது இப்போது வேண்டாம், அது இப்போது வேண்டும்" என்று தேர்ந்தெடுப்பது. அந்தப் பகுதி வேலை செய்ய டோபமின், நோர்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் போதிய அளவு நிற்க வேண்டும். குழாயில் நீர் வருகிறது, ஆனால் தொட்டியின் வடிகால் அகலத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நீர் தங்காது. இந்த மருந்து வடிகாலைச் சற்று அடைக்கிறது. ஊக்கம் பெறுவது கைகால்கள் அல்ல. அவற்றைப் பிடித்து நிறுத்தும் பகுதி. வேறு மருந்துகளும் உண்டு; எந்தப் பிள்ளைக்கு எது என்பது மருத்துவர் முடிவு.

என் மனத்தை மாற்றிய ஆய்வு வேறு. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஷாவும் அவர் குழுவினரும் கவனக் குறைபாடு உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஒப்பிட்டு மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். பிள்ளை வளர வளர மூளையின் மேலுறை தடித்து ஓர் உச்சத்தை அடைந்து, பிறகு மெலியத் தொடங்கும். பெரும் பகுதி அந்த உச்சத்தை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை. இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை. மூன்று ஆண்டு வேறுபாடு! அதுவும் முன்பகுதியில்தான் தாமதம் மிகுதி. அசைவுகளை இயக்கும் பகுதியோ சற்று முன்னதாகவே முதிர்ந்துவிட்டது. பாதை அதே பாதைதான், பயணந்தான் தாமதம்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்பது வயதுப் பையனை வகுப்பின் பின்னால் நிற்க வைத்தேன் என்றேனே, கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை நான் ஓர் ஆறு வயதுக் குழந்தையை நிற்க வைத்திருக்கிறேன்.

இனி மருந்தின் பயனைப் பற்றி. இதில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில் ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 579 பிள்ளைகள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டு 14 மாதம் கவனிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, ஒன்றுக்குப் பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், மற்றொன்று அவரவர் ஊர் மருத்துவரிடம் வழக்கம்போல். கவனமும் துறுதுறுப்பும் நன்கு சீரடைந்தது முதலாவதிலும் மூன்றாவதிலும். இரண்டும் சேர்ந்த பிரிவில் குறைந்த அளவு மருந்தே போதுமாயிருந்தது.

ஆனால் பலர் கவனிக்காத செய்தி நான்காவது பிரிவில் இருக்கிறது. வழக்கமான மருத்துவரிடம் போன அந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினரும் மருந்து உட்கொண்டவர்களே! அப்படியிருந்தும் அவர்கள் பின்தங்கினார்கள். ஏனென்றால் ஆய்வுப் பிரிவில் மாதந்தோறும் பிள்ளையைப் பார்த்தார்கள், ஆசிரியரைக் கேட்டார்கள், அளவைத் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு அது அந்த அளவுக்கு நடக்கவில்லை. மாத்திரை ஒன்றே, பின்னால் நின்ற ஆட்கள் வேறு. 14 மாதம் முடிந்து, அவரவர் விருப்பப்படி விட்ட பிறகு, மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது பிரிவுகளுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது. ஆகவே "மருந்து கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது" என்று இருக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன், முடியவில்லை.

பக்கவிளைவு உண்டு. என் பேத்திக்குப் பகலில் பசி போயிற்று. மதிய உணவுப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மருத்துவர் சொன்னபடி காலையில் மருந்துக்கு முன் நன்றாகச் சாப்பிட வைத்தோம். இரவில் பசி எடுத்தபோது தோசை வார்த்தோம். சிலருக்கு உறக்கம் குறையும், வயிற்றுவலி, தலைவலி வரும், நாடித்துடிப்பு சற்று ஏறும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர்களின் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்க்கிறார். பின்னாளில் போதைக்கு அடிமையாவார்கள் என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

என் வல்லாரைக்கும் லேகியத்துக்கும் வருகிறேன். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இருக்கும். வல்லாரை நல்ல கீரை, உண்ணுங்கள். நினைவாற்றலுக்குப் புகழ்பெற்ற நீர்ப்பிரமியை ஆஸ்திரேலியாவில் முறையாகச் சோதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு 14 வாரம் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கவனக் குறைவிலும் துறுதுறுப்பிலும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அதுவாவது தீங்கில்லை. லேகியம் என்னை அச்சுறுத்தியது. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் என்ன செய்யும் தெரியுமா? பிள்ளையின் கவனத்தைத்தான் கெடுக்கும். ஊர் பேர் தெரியாத சூரணத்தை உறவினர் பையில் கொண்டுவந்தார் என்பதற்காகப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு சொல். இனிப்புத் தின்றால் ஆட்டம் போடுவான் என்பது தாய்மார்களின் உறுதியான நம்பிக்கை. 1994இல் ஓர் ஆய்வில், பிள்ளைகளுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டுச் சில தாய்மார்களிடம் மட்டும் "சர்க்கரை கொடுத்தோம்" என்றார்கள். அந்தத் தாய்மார்கள்தாம் தங்கள் பிள்ளைகள் அதிகமாக ஆடுவதாக மதிப்பிட்டார்கள்! பல்லுக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், கவனத்துக்காக அன்று. செயற்கை நிறமிகள் விஷயம் சற்று வேறு. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வு சில பிள்ளைகளிடம் சிறிய விளைவைக் காட்டியது. ஐரோப்பாவில் 2010 முதல் அந்த நிறமிகள் கலந்த உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். அடர்வண்ணப் பானங்களைக் கைவிடுவதால் இழப்பு ஒன்றுமில்லை.

நம் சிங்கப்பூரிலேயே நடந்த முயற்சி ஒன்று உண்டு. தலையில் பட்டை அணிந்த பிள்ளை, மனத்தை ஒருமுகப்படுத்தினால் கணினி விளையாட்டில் உருவம் ஓடும். 172 பிள்ளைகளிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் கவனம் ஓரளவு கூடியது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடுதான் ஒப்பிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மூளை அலைப் பயிற்சியின் வேறொரு வகையை அமெரிக்காவில் போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டபோது, 2021இல் வந்த முடிவு, இரு பிரிவும் ஒரே அளவு முன்னேறின என்பது. பயிற்சியாளரின் அன்பும் பிள்ளையின் நம்பிக்கையும்கூட வேலை செய்திருக்கலாம். ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கும் நிலையங்களுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிய வித்தையல்ல. மூன்று கட்டளையை ஒருசேரச் சொல்லாதீர்கள். "போய்க் குளித்துச் சீருடை போட்டுப் பையை எடு" என்றால் அவள் குளியலறை வாசலில் நின்று யோசிப்பாள். ஒன்றைச் சொல்லி, முடிந்ததும் அப்போதே பாராட்டி, அடுத்ததைச் சொல்லுங்கள். வார இறுதியில் தரும் பரிசு இந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டைப் போலத் தொலைவு. உறக்கமும் ஓடியாடும் நேரமும் எல்லாப் பிள்ளைகளின் மூளைக்கும் தேவை, இவர்களுக்கு இரட்டிப்பாகத் தேவை. தண்டனையாக விளையாட்டைப் பறிப்பது மிகப் பெரிய பிழை. அதை நான் நிறையச் செய்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். துள்ளுகிற பிள்ளைக்கெல்லாம் இக்குறை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் தேதியை எல்லையாக வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் மாநிலங்களை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்தோரில் பத்தாயிரத்துக்கு 85 பேருக்கும், செப்டம்பரில் பிறந்து மூத்தவர்களாக இருந்தோரில் 64 பேருக்கும் இக்குறை என்று சொல்லப்பட்டிருந்தது. பதினொரு மாத இளமையே நோயாகத் தெரிந்திருக்கிறது. இங்கே நம் டிசம்பர் மாதப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். குறட்டை விட்டு உறங்கும் பிள்ளை, காது மந்தமான பிள்ளை, வீட்டில் சண்டை பார்த்து வரும் பிள்ளை, எல்லாருமே வகுப்பில் கவனமற்றவராகத் தோன்றுவர். இரத்தச் சோதனையோ மூளைப் படமோ இதைக் காட்டிக்கொடுக்காது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடித்ததா, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

கடைசியாக ஒன்று, இது தந்தையரும் தாயாரும் கேட்க வேண்டியது. இக்குறைக்கு வேர் பெரும்பாலும் பரம்பரையில். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறத்தாழ நூற்றில் எழுபத்து நான்கு பங்கு என்று கணக்கிடுகின்றன. வளர்ப்புச் சரியில்லை என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் இதைக் கேட்க வேண்டும், நானும் சொன்னவள்தான். பலருக்கு இது பெரியவரானாலும் தொடர்கிறது. சுவீடனில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வு, நோய் கண்டறிந்ததும் மருந்து தொடங்கியவர்களிடையே விபத்து போன்ற காரணங்களால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது என்கிறது. மருந்து மட்டுந்தான் காரணம் என்று இவ்வகை ஆய்வால் அறுதியிட முடியாது. ஆனால் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அன்று.

சென்ற ஆண்டு எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. முதலில் சொன்னேனே, அந்த மாணவன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். அவர் மகனுக்கு இக்குறை இருப்பது தெரிந்தபோது, மருத்துவர் தந்தையைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர்களைச் சோதிக்கும்போது சிறுவயதில் இருந்ததற்குச் சான்று வேண்டும். அவர் தாயார் பழைய புத்தகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாராம். "டீச்சர், மூணு வருஷமும் ஒரே வரிதான் எழுதியிருக்கீங்க. டாக்டர் அதைப் படம் எடுத்துக்கிட்டாரு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மா நலமா என்று கேட்டேன். தவறிப் பத்து ஆண்டாகிறது என்றார். "அவங்க கடைசி வரைக்கும் நான் அடங்காத பிள்ளைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க, டீச்சர்."

தேநீர் இடைவேளையில் நுழைவாயில் மேசையருகே இருப்பேன். பிள்ளைகளின் பழைய மதிப்பெண் புத்தகங்களையும் ஆசிரியர் குறிப்புகளையும் வைத்திருப்பவர்கள் தூக்கி எறியாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று கேட்க விரும்புவோர் தயங்காமல் வாருங்கள்.